கரைவலையும் பருவக் காற்றும்

துறைமுகம் இல்லாத கரையில் மீன்பிடிப்பவனுடைய வாழ்க்கையை ஆளும் அதிகாரிகள் இருவர். ஒன்று அலை, மற்றொன்று காற்று. அவன் எந்தக் கலத்தில் ஏறவேண்டும், எந்த வலையை எடுக்கவேண்டும் என்று அலை விதிக்கிறது. எந்த மாதத்தில் கடலுக்குப் போகலாம், எந்த மாதத்தில் கரையில் தங்கவேண்டும் என்று காற்று விதிக்கிறது. சோழமண்டலக் கரையில் வாழ்ந்த நம் மீனவர் பல நூற்றாண்டுகள் இவ்விரு கட்டளைகளுக்கும் பணிந்தே தொழில் செய்து வந்தனர். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அக்கட்டளைகளை மீறுவதற்கு நாம் கற்றுக்கொண்டோம். அதனால் பெற்ற பலன் யாது, கொடுத்த விலை யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

கடலுக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், பீடபூமியின் மீது அமர்ந்திருக்கும் ஹைதராபாத்திலிருந்து கடற்கரையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இந்நகரத்துக்கும் அக்கரைக்கும் உள்ள உறவு பழமையானது. கோல்கொண்டா சுல்தான்களின் காலத்தில் இந்நாட்டின் கடல்வாசல் மசூலிப்பட்டினம். ஆங்கிலக் கம்பெனியார் 1611ஆம் ஆண்டில் அங்கே பண்டகசாலை அமைத்தனர். 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் வட சர்க்கார் மாவட்டங்கள் நிஜாமின் கையைவிட்டுக் கம்பெனியின் கைக்குப் போயின. ஹைதராபாத் தன் கடற்கரையை இழந்தது. நம் காலத்தில் அந்த உறவு முற்றிலும் வேறொரு வழியாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரையில் நம் கடற்கரை பெரும்பாலும் நேர்கோடாகச் செல்கிறது. கப்பல் ஒதுங்கி நிற்பதற்கு இயற்கையான வளைகுடா ஒன்றும் அங்கே இல்லை. ஆழமற்ற மணல் திட்டுகளின் மேல் அலைகள் வரிசை வரிசையாக உடைகின்றன. ஆணி அறைந்து, அடியில் மரமுதுகு வைத்துக் கட்டிய ஐரோப்பியப் படகு இந்த அலையில் அகப்பட்டால் தரைதட்டிப் பிளந்துவிடும். 1639ஆம் ஆண்டில் சென்னையில் இடம்பெற்ற ஆங்கிலேயர், அதன் பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் கப்பல்களை வெகுதூரத்தில் நங்கூரமிட்டு நிறுத்தி, ஆளையும் சரக்கையும் நம் கரையோர மக்களின் கலங்களிலேயே இறக்க வேண்டியிருந்தது. கடலாட்சி செய்தவர்கள் கடைசி ஒரு மைல் தூரத்துக்கு நம் மீனவனுடைய கையை நம்பியிருந்தார்கள்.

அலைக்கு நம்மவர் கண்ட விடைகள் இரண்டு. ஒன்று, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு; ஐரோப்பியர் இதனை மசூலாப் படகு என்றனர். இதில் இரும்பு ஆணி இல்லை. ஆகையால் அலை மோதும்போது பலகைகள் இளகிக் கொடுக்குமேயன்றி உடைவதில்லை. மற்றொன்று கட்டுமரம். இலேசான மரத்துண்டுகளைச் செதுக்கி வரிசையாக வைத்துக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம் ஆகிறது. தண்ணீர் உள்ளே புகுமே என்ற அச்சம் அதற்கில்லை. தண்ணீர் நிற்பதற்கு உள்ளிடமே இல்லை. கவிழ்ந்தாலும் மூழ்குவதில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள். நனைந்த மரம் கனத்துவிடும்; உலர்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். எனவே, மீனவனுக்கு மணற்பரப்பு வெறும் நடைபாதையன்று. அது அவனுடைய படகுத்துறை, பட்டறை, களஞ்சியம் எல்லாமாகும். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பயண நூலில் இந்தக் கலத்தைப் பற்றி எழுதினார். அவ்வழியே நம் தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் குடியேறி, இன்று உலகமெங்கும் இரட்டை உடற்படகுகளுக்குப் பெயராக வழங்குகிறது. சொல் போயிற்று, அதன் பொருள் அங்கே மாறிப்போயிற்று.

கரையின் இயல்புக்கு ஏற்பக் கலம் அமைவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊர் உண்டு. அங்கே மணலுக்குப் பதிலாகக் கூழாங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. துறைமுகம் கட்டுவதற்கு 1890களில் தொடங்கிய முயற்சி பணமின்றி அரைகுறையாக நின்றுவிட்டது. ஆகவே அவ்வூர் மீனவர் இன்றளவும் தங்கள் படகுகளைக் கல்லின் மேல் இழுத்து ஏற்றி, கல்லின் மேலிருந்தே தள்ளிக் கடலில் இறக்குகிறார்கள். கல்லில் உராய்வதைத் தாங்கும் பொருட்டு அவர்களுடைய படகுகள் தடித்த அடியும் அகன்ற வயிறும் கொண்டவை. இலையுதிர் காலத்தில் ஒரு மீன், குளிர்காலத்தில் ஒரு மீன், கோடையில் ஒரு மீன் என்று அவர்களும் பருவத்தை எண்ணியே வலையை மாற்றினர். மணலாயினும் கல்லாயினும், துறைமுகமற்ற கரை மனிதனுக்குக் கற்பிக்கும் முதற்பாடம் ஒன்றே. கலம் சிறியதாக இருக்கவேண்டும். காலம் அறிந்து போகவேண்டும்.

இனி வலைக்கு வருவோம். நம் கரையின் தனிச்சிறப்பு கரைவலை. பெரிய வலை என்றும், தென்பகுதிகளில் கரமடி என்றும் இதனை வழங்குவர். இதன் நடுவே மீன் சேரும் பை போன்ற மடி. இருபுறமும் நீண்ட சிறகுகள். சிறகுகளின் முனையில் நெடுந்தூரம் ஓடும் கயிறுகள். மடியை நெருங்க நெருங்க வலைக்கண் சிறுத்துக்கொண்டே வரும். கரையில் நிற்கும் அனுபவசாலி ஒருவர் தண்ணீரின் நிற மாற்றத்தையும் பறவைகள் வட்டமிடுவதையும் கண்டு மீன் கூட்டம் வருவதை அறிவிப்பார். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் ஆட்களிடம் விட்டுவிட்டுப் படகு புறப்படும். அரைவட்டமாகச் சென்று வலையை இறக்கிக்கொண்டே போய், மறு கயிற்றின் நுனியோடு சற்றுத் தொலைவில் கரையேறும். பிறகு இரு பக்கத்திலும் ஆட்கள் வரிசையாக நின்று, பாட்டின் தாளத்துக்கு ஏற்பப் பின்னோக்கி நடந்து, மணிக்கணக்கில் இழுப்பார்கள். இரு வரிசைகளும் மெல்ல மெல்ல நெருங்கி வந்து சேரும் இடத்தில் மடி கரையேறும்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கடலுக்குப் போகும் வலிமை இழந்த முதியவனும், படகில்லாத ஏழையும் கரைவலையின் கயிற்றைப் பிடிக்கலாம். கயிற்றைப் பிடித்தவனுக்குப் பங்கு உண்டு. வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, உழைத்தவர்களுக்குப் பங்கு என்று கிடைத்ததைப் பிரிப்பதற்கு ஒவ்வோர் ஊரிலும் முறை உண்டு. ஒரே கரையில் பல வலைகள் இருப்பின், இன்று இவர், நாளை அவர் என்று முறைவைத்து இறக்குவார்கள். இலங்கையின் தமிழ்க் கரைகளில் வலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். வலைக்கு உரியவர் சம்மாட்டி. கடலுக்கு வேலி போட முடியாது என்பர். ஆனால் கரைவலைக்காரர் முறை என்ற வேலியைப் போட்டுக்கொண்டார்கள். எழுதாத அச்சட்டம் எழுதிய சட்டத்துக்கு இளைத்ததாக இருக்கவில்லை.

இந்தத் தொழிலுக்குப் பஞ்சாங்கம் காற்றே. வடக்கேயிருந்து வருவது வாடை, கிழக்கேயிருந்து வருவது கொண்டல், மேற்கேயிருந்து வருவது கச்சான், தெற்கேயிருந்து வருவது சோழகம். இடத்துக்கு இடம் பெயரும் திசையும் சிறிது மாறுபடும். தை மாதம் பிறந்தபின் வாடை தணிகிறது. மாசி, பங்குனியில் கடல் தெளிகிறது; அதுவரையில் தெற்கு நோக்கி ஓடிய கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கித் திரும்புகிறது. இந்த நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். நீவாட்டின் போக்கறியாமல் வலையை இறக்கினால் வலை சுருண்டு வீணாகும். சித்திரை, வைகாசியில் சோழகம் வலுக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அப்பருவத்தில் பின்னிரவில் கரைக்காற்றோடு கட்டுமரம் புறப்படும். பிற்பகலில் எழும் கடற்காற்றோடு பாய் விரித்துத் திரும்பும். போவதற்கு ஒரு காற்று, வருவதற்கு ஒரு காற்று. இயற்கையே கூலியின்றித் துடுப்புப் போட்டது.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழாகிறது. கொண்டலும் வாடையும் மழையைச் சுமந்து வருகின்றன. புயல் எழும் காலமும் அதுவே. கரைவலைக்கு அது ஓய்வுக்காலம். மேற்குக் கரையிலோ இதற்கு நேர்மாறு. அங்கே தென்மேற்குப் பருவ மழை தீர்ந்த பின்னரே கரமடி இறங்கும். ஆகவே கன்னியாகுமரிக்கு ஒரு புறம் ஓய்வு என்றால் மறுபுறம் வேலை. இலங்கையின் கிழக்குக் கரையிலும் வடகிழக்குப் பருவம் ஓய்ந்த பின், ஏறத்தாழ மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரையிலே கரைவலைக் காலம். அப்போது மேற்குக் கரை மீனவர் பலர் குடும்பத்தோடு கிழக்கே வந்து வாடியடித்துத் தங்குவது வழக்கமாக இருந்தது. மீன் இடம் பெயர்ந்தது. மனிதனும் அதன் பின்னே பெயர்ந்தான்.

பருவத்தை அறிந்து தொழில் செய்தமைக்கு நாகப்பட்டினத்துக் கோலா மீன்பிடிப்பு மிக அழகான சான்று. கோலா என்பது நீர்ப்பரப்பின் மேல் தாவிப் பறக்கும் மீன். வைகாசி, ஆனி மாதங்களையொட்டி அது முட்டையிடுவதற்கு மிதக்கும் தழையைத் தேடி வரும். மீனவர் கோலா மரம் எனப்படும் பெரிய கட்டுமரத்தில் ஏறி, கரை கண்ணுக்கு மறையும் தொலைவுக்குச் சென்று, தழைக்கட்டுகளைக் கயிற்றில் கட்டி மிதக்க விடுவார்கள். தழையை நாடிக் கூட்டமாய் வரும் மீன்களைக் கைவலையால் அள்ளுவார்கள். இந்த முறையை ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கில அறிஞர் நேரில் ஆராய்ந்து 1920களில் விரிவாக எழுதினார். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த அவர், 1920இல் இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சி இன்றும் மதிக்கப்படுகிறது.

ஓய்வு என்பதும் இத்தொழிலின் ஓர் அங்கமே. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், முழுமதி நாளில் பரதவர் கடலுக்குச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு விழாக் கொண்டாடும் காட்சி வருகிறது. அதன் காரணத்தைப் பலர் பலவாறு கூறலாம். ஆயினும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான பழமையுடைய ஒரு நூலிலேயே வலை உலரும் நாள் ஒன்று குறிக்கப்பட்டிருப்பது நம் சிந்தனைக்கு உரியது.

அரசாங்கம் இக்கரையை எப்போது கவனித்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில், வரியின் வழியாகக் கவனித்தது. கரைவலையின் இயல்பு, ஒரு நாள் ஒன்றுமில்லை, மறுநாள் மலைபோல் மீன் என்பதாகும். நெத்திலியும் சூடையும் காரப்பொடியும் ஒரே இழுப்பில் குவிந்தால், உப்பிட்டுக் கருவாடு ஆக்கினாலன்றி அழுகிப்போகும். உப்போ அரசாங்கத்தின் ஏகபோகம். வரி ஏறிய உப்பை வாங்க இயலாத மீனவர் உவர்மண்ணைக் கொண்டு மீனைப் பதப்படுத்தினர். பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் 1873இல் அளித்த அறிக்கையில் இந்திய மீன்பிடிப்பின் நிலையை விவரித்தார். அதன் பின்னர் வரியில்லா உப்பை மலிவாகத் தரும் கருவாட்டுக் கிடங்குகளை அரசாங்கம் கரையோரங்களில் திறந்தது. மீனவனுக்கு எஞ்சினையும் இரும்பையும் விட முதலில் வேண்டியிருந்தது ஒரு பிடி உப்பு என்பதை அறிவதற்கே ஆட்சியாளருக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

1907ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் மீன்துறைக்கென்று ஓர் அமைப்பு ஏற்பட்டது. அதனைத் தொடங்கி வைத்தவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். கிராமக் கடன்களைப் பற்றி ஆராய்ந்து கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்டவரும் இவரே. மீனவனை அவன் நிற்கும் இடத்திலிருந்து படிப்படியாக மேலேற்ற வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

சுதந்திரத்துக்குப் பின் வேகம் கூடிற்று. 1947இல் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் தலைமையகம் பின்னர்க் கொச்சிக்கு மாறியது. 1952இல் நார்வே நாட்டோடு செய்த உடன்படிக்கையின்படி, கொல்லத்துக்கு அருகே நீண்டகரைப் பகுதியில் மீன்பிடித் திட்டம் தொடங்கிற்று. கரையில் ஏற்றி இறக்கும் பழைய கலங்களில் எஞ்சினைப் பொருத்துவது எளிதன்று என்று வல்லுநர் கண்டனர். எஞ்சினுக்கு ஏற்ற படகு வந்தது. படகுக்கு ஏற்ற துறைமுகம் வந்தது. இழுவலையும், இறால் ஏற்றுமதியும் வந்தன. இதனால் நன்மை விளையவில்லை என்று சொல்வது நன்றி மறப்பதாகும். பல குடும்பங்களுக்கு ஓட்டுவீடும் கல்வியும் கிடைத்தன. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது. ஆனால் அலையும் காற்றும் இட்டிருந்த கட்டளை தளர்ந்தது. முன்பு கடலின் சீற்றம் மீனுக்கு அளித்த ஓய்வை எஞ்சின் பறித்துக்கொண்டது. கருநாடகக் கரையில் நூற்றுக்கணக்கானோர் கூடி இழுத்த ராம்பணி என்னும் பெருங்கரைவலை, விசைப்படகுகளின் சுருக்குவலை வந்த சில ஆண்டுகளில், 1970களின் இறுதியில் அழிந்துபோயிற்று. நடுக்கடலிலேயே மீன் கூட்டத்தை வளைத்துவிட்டால், கரைக்கு வருவதற்கு மீன் ஏது?

தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 2001ஆம் ஆண்டு முதல் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15ஆம் தேதி தொடங்கி 45 நாள் தடை விதிக்கப்பட்டது. 2017 முதல் அது ஜூன் 14 வரையில் 61 நாட்களாக நீட்டப்பட்டது. மீன் இனப்பெருக்கத்துக்கு அவகாசம் அளிப்பதே நோக்கம். எஞ்சின் இல்லாத நாட்டுப் படகுகளுக்கு இத்தடை இல்லை. இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். முன்னாளில் அலையும் புயலும் செலவின்றிச் செய்த காவலை, இன்று அரசாணையும் நிவாரணத் தொகையும் கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

மற்றொரு விலை மணலில் கொடுத்தது. சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881இல் வந்த புயல் கட்டியதைப் பெரிதும் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் கல்லணை அதனைத் தடுத்தது. தெற்கே தேங்கிய மணலே இன்று நாம் உலாவும் மெரினாவின் அகன்ற பரப்பு. வடக்கே மணல் போய்ச் சேராமையால் இராயபுரம் முதலான கரைகளைக் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். புதுவையிலும் 1980களின் இறுதியில் துறைமுகம் எழுந்த பின் இதே கதை நடந்தது. அண்மையில் கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகே மணல் ஓரளவு திரும்பியது. ஹேஸ்டிங்ஸ் கரையில் கல் இயற்கை தந்தது. அதன் மேல் படகு ஏறும். இங்கே நாம் கொட்டிய கல்லின் மேல் கட்டுமரமும் ஏறாது, கரைவலையும் வாராது.

மணல் மிஞ்சிய இடத்திலும் அது யாருக்கு உரியது என்ற வழக்கு எழுந்தது. 1985ஆம் ஆண்டில் மெரினாவை அழகுபடுத்தும் பொருட்டுக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர். நகரத்தான் கண்ணுக்கு அலங்கோலமாகத் தோன்றிய மரத்துண்டுகள், உலரும் பொருட்டு அவிழ்த்துப் போட்ட படகுகள் என்பது உணரப்படவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரைகளைச் சூறையாடியது. அதன் பின் நிவாரணமாகக் கிடைத்தவற்றுள் பெரும்பாலானவை எஞ்சின் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள். கட்டுமரம் அரிதாயிற்று. இங்கேதான் ஹைதராபாத் மறுபடியும் கடலைத் தொடுகிறது. 1999இல் இந்நகரில் நிறுவப்பட்ட இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை தேசிய மையம், செயற்கைக்கோள்கள் அளக்கும் கடல்நீரின் வெப்பத்தையும் பசுமையையும் ஆராய்ந்து, மீன் கூடக்கூடிய இடங்களைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் மீனவருக்கு அறிவிக்கிறது. 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கையும் இங்கிருந்தே போகிறது. கோல்கொண்டா இழந்த கடலை ஹைதராபாத் வானத்தின் வழியாகப் பார்க்கிறது.

எனினும் அறிவிப்பு அனுப்புவது வேறு, அது போய்ச் சேருவது வேறு. 2017இன் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை, பலர் திரும்பவில்லை. இங்கே மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. வடகிழக்குத் திசையிலிருந்து மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்று அறிக்கைகளில் எழுதுகிறோம். அது பிழையன்று. ஆனால் வாடை என்ற சொல்லில் திசை மட்டுமா இருக்கிறது? மாதம் இருக்கிறது, நீவாடு இருக்கிறது, எந்த மீன் வரும், எந்த வலை ஆகாது என்ற அறிவு இருக்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அனுப்பினால், செய்தியில் பாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது. கரையோர முதியவர்களிடம் இன்னும் வாழும் இச்சொற்களைத் தொகுத்து, அறிவிப்புகளில் எண்ணோடு சேர்த்து வழங்குவது அரிய செயலன்று.

பழமைக்குத் திரும்புவோம் என்று நான் கூறவில்லை. எஞ்சினைத் துறந்து கயிற்றைப் பிடிக்கும்படி எவரையும் கேட்க நமக்கு உரிமையில்லை. ஆனால் கரைவலைக் காலம் நமக்குக் கற்பித்த மூன்று செய்திகள் பழமையாவதில்லை. கடலுக்கு ஓய்வு வேண்டும். கிடைத்ததில் கயிறு பிடித்தவனுக்குப் பங்கு வேண்டும். படகு ஏறவும் வலை உலரவும் மணல் வேண்டும். முதல் இரண்டையும் சட்டத்தால் ஓரளவு மீட்டுவிடலாம். மணலை இழந்தால் அதனை மீட்பது எளிதன்று. ஆதலால் இனி எந்தக் கரையிலேனும் கல்லணை எழுப்ப எண்ணும்போது, அங்கே எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நீவாடு ஓடுகிறது என்று முதலில் அவ்வூர் மீனவரைக் கேட்போமாக.